கொல்லை காடாகிவிட்டது, எங்கே தொடங்குவது? – வாசகர் கேள்வி பதில்

பொங்கலுக்கு ஊருக்குப் போய், பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து பார்த்தவர்களிடமிருந்து இந்த முறை நிறையக் கடிதங்கள். கொல்லைக் கதவைத் தள்ள முடியவில்லை, கிணற்றடி தெரியவில்லை, வேலி எங்கே முடிகிறது என்றே புரியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். அதனால் இந்த இதழில் கொல்லையைத் தவிர வேறு கேள்விகளை எடுக்கவில்லை.

மன்னார்குடி பக்கம் கிராமத்தில் அப்பா, அம்மா இருந்த வீடு. ஆறு வருஷமாக ஆள் இல்லை. பின்னால் 15 குழி கொல்லை, முழுக்கப் புதர். ஜேசிபி வைத்து ஒரே நாளில் வழித்துவிடலாம் என்கிறான் தம்பி. செய்யலாமா?
– வாசகி, மன்னார்குடி வட்டம்

வேண்டாம் அம்மா. தம்பியிடம் நாங்கள் சொன்னதாகவே சொல்லுங்கள்.

உங்கள் பக்கத்து மண் வண்டலும் களியும் கலந்தது. அதன்மேல் அவ்வளவு கனமான வண்டி ஏறி இறங்கினால் மண் அடைத்துக்கொண்டு இறுகிவிடும். பிறகு ஐப்பசி மழையில் அந்த இடத்தில் தண்ணீர் நின்றால் இறங்காது. முருங்கை, பப்பாளி, எலுமிச்சை எல்லாம் வேர் அழுகிச் சாகும். இரண்டாவது, மேலே உள்ள அரையடி மண்தான் உயிருள்ள மண். இயந்திரம் அதைத்தான் முதலில் வழித்து வேலியோரம் தள்ளும். மூன்றாவது, அடியில் புதைந்து தூங்கிக்கொண்டிருக்கும் களை விதைகள் மேலே வந்து வெளிச்சம் பார்க்கும். ஒரு பார்த்தீனியச் செடி பல ஆயிரம் விதை போடும். மொட்டையாக விட்ட கொல்லை அடுத்த மழைக்கு முன்பைவிட அடர்த்தியாக முளைத்து நிற்பதற்கு இதுதான் காரணம்.

எனவே ஒரே ஒரு கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்: எவ்வளவு இடத்தை உடனே மூடிக் காப்பாற்ற முடியுமோ, அவ்வளவு மட்டும் வெட்டுங்கள். உங்கள் 15 குழி ஏறக்குறைய 5 சென்ட். ஒரு தடவைக்கு 5 குழி, அதாவது 720 சதுர அடி, போதும்.

காலம் தை, மாசிதான். மழை ஓய்ந்து மண்ணில் ஈரம் இருக்கும், வேரோடு பிடுங்க வரும். பிடுங்கிப் போட்டதை அடுத்து வரும் வெயில் காயவைத்துவிடும். ஒரு பிடி மண்ணை அள்ளிக் கையில் இறுக்கிப் பாருங்கள். உருண்டை பிடித்து, விரலால் தட்டினால் புட்டு மாதிரி உதிர வேண்டும். கையில் ஒட்டினால் ஒரு வாரம் பொறுங்கள். ஈரக் களியில் மண்வெட்டி போட்டால் வெட்டின கட்டி அப்படியே செங்கல்லாகக் காய்ந்துவிடும்.

முதல் நாள் அரிவாளைத் தொடாதீர்கள். பழைய வேட்டித் துணியும் சிவப்புத் துணியும் கிழித்து எடுத்துக்கொண்டு போங்கள். இருக்க வேண்டியதற்கு வெள்ளை, போக வேண்டியதற்குச் சிவப்பு. என்னவென்று தெரியாத செடிக்கு எதுவும் கட்டாமல் ஒரு வருஷம் விடுங்கள். புதருக்குள் நாரத்தையோ, பாட்டி வைத்த பவழமல்லியோ ஒளிந்திருக்கலாம். வேலைக்கு வருபவருக்கு வாயால் சொல்லும் அடையாளம் போதாது. "அந்தக் கறிவேப்பிலையை விட்டுடுங்க" என்று சொன்ன பிறகும் அது வெட்டுப்படுவது வழக்கம்.

அடுத்து, கொல்லைக் கதவிலிருந்து கிணற்றுக்கும் அங்கிருந்து பின்வேலிக்கும் மூன்றடி அகலத்தில் ஒரு நடைபாதை. இது கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. பாதையோரம் தட்டுப்படும் கொட்டாங்குச்சி, உடைந்த சட்டி, பழைய டயர் எல்லாவற்றையும் உடனே அப்புறப்படுத்துங்கள். தேங்கிய தண்ணீரில் டெங்கு கொசு ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து கொசுவாகிவிடும்.

பிறகு முதல் 5 குழி. செடி கொடிகளைத் தரையோடு அறுத்து, கட்டைகளை மட்டும் கடப்பாரையால் நெம்பி எடுங்கள். முழுதாகக் கொத்த வேண்டியதில்லை. பார்த்தீனியம் பூத்திருந்தால் அங்கே புல்வெட்டும் இயந்திரம் ஓட்டாதீர்கள், விதை நாலா பக்கமும் தெறிக்கும். கையுறை போட்டு, மூக்கை மூடிக்கொண்டு பிடுங்கிச் சாக்கில் கட்டுங்கள். சிலருக்கு அது தோலில் கடுமையான அரிப்பைக் கிளப்பும்.

அன்றைக்கே மூடிவிட வேண்டும். மளிகைக் கடை அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, ஒட்டுநாடாவை உரித்துவிட்டு, ஒன்றன்மேல் ஒன்று அரையடி ஏறும்படி பரப்பி நனையுங்கள். அதன்மேல் நாலு அங்குலத்துக்கு வைக்கோல், சருகு, நறுக்கிய தென்னங்கீற்று, எது கிடைக்கிறதோ அது. மர அடியில் மட்டும் ஒரு சாண் விட்டுத் தள்ளிப் போடுங்கள், பட்டை அழுகாமல் இருக்கும். கிணற்றில் தண்ணீரும் இறைக்க ஆளும் இருந்தால் மூடாக்குக்குப் பதில் தக்கைப்பூண்டு (பசுந்தாள் உரச் செடி) விதை தெளிக்கலாம். வயலுக்கு ஏக்கருக்கு 20 கிலோ, அதாவது சென்ட்டுக்கு 200 கிராம். களையை அமுக்கத்தானே தெளிக்கிறோம், அதனால் கொல்லைக்கு இரண்டு மடங்காகத் தெளியுங்கள். நாற்பத்தைந்து நாளில் பூ எடுக்கும்போது அறுத்து அங்கேயே பரப்பிவிடுங்கள். முற்ற விட்டால் தண்டு நாராகிவிடும், சீக்கிரம் மட்காது.

முதல் 5 குழி அடங்கிய பிறகு அடுத்த 5. இரண்டு மாதம் ஆகட்டுமே.

வெட்டும்போது பாம்பு வருமே? ஆட்கள் வரப் பயப்படுகிறார்கள்.
– வாசகர், திருக்குவளை

பயம் நியாயமானது. அதற்குத் தகுந்த ஒழுங்கும் இருக்கிறது. வீட்டுப் பக்கத்திலிருந்து தொடங்கி வேலிப் பக்கமாக வெட்டிக்கொண்டு போங்கள். எதிர்த்திசை திறந்திருந்தால் பாம்பு அந்த வழியாக விலகிப் போகும். நாலு பக்கமும் வளைத்து வெட்டினால் நடுவில் மாட்டிக்கொண்டு சீறும். காலை ஏழு மணிக்கு மேல், நல்ல வெளிச்சத்தில். அந்தி சாயும் முன் நிறுத்திவிடுங்கள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் அவசியம். ஓடு, செங்கல், மட்டைக் குவியலுக்குள் கை விடக் கூடாது. துறட்டியால் இழுத்துக் கலைத்து, கொஞ்சம் நேரம் விட்டு அள்ளுங்கள்.

வெட்டி முடித்த பிறகு வரும் நாலைந்து இரவுகள்தான் இன்னும் கவனமாக இருக்க வேண்டியவை. இருப்பிடம் கலைந்த எலியும் பாம்பும் வீட்டுப் பக்கம் திரும்பும். கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் பெரும்பாலும் இருக்காது, தூங்குகிறவருக்குத் தெரியாமலே போய்விடும். ஆகையால் தரையில் படுக்காமல் கட்டிலில், கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிப் படுங்கள். விடிகாலையில் யாருக்காவது வயிற்றுவலி, இமை தொங்குதல், பேச்சுக் குழறல் இருந்தால் கடிவாய் தேடிக்கொண்டு நிற்காமல் 108-ஐ அழையுங்கள். கடிபட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. மோதிரம், வளையலைக் கழற்றி, கடிபட்ட கை காலைச் சிம்பு வைத்து அசையாமல் கட்டி, நடக்க விடாமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நம் ஊரில் கொடுக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒன்றுதான். அதனால் பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு போக வேண்டிய தேவையே இல்லை.

மரத்தில் கதண்டு (கூட்டமாகக் கொட்டும் பெரிய குளவி) கூடு தெரிந்தால் அந்த மரத்தின் பக்கம் வேலையை நிறுத்திவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். புகை போட்டுப் பார்க்கலாம் என்று நீங்களே இறங்காதீர்கள்.

கோரையை எத்தனை தடவை கொத்தினாலும் பத்து நாளில் திரும்ப வருகிறது. பவர் டில்லர் விட்டு ஓட்டியும் பார்த்தாயிற்று. மருந்தடித்தால்தான் போகுமா?
– வாசகர், நீடாமங்கலம்

பவர் டில்லர் விட்ட பிறகு கோரை முன்னைவிட அதிகமானதா, இல்லையா? அதிகமாகித்தான் இருக்கும். ஒரு கோரையை மண்வெட்டியால் ஆழமாகத் தோண்டி, மண்ணைத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். கறுப்பு நூலில் மணி கோத்த மாதிரி, சின்ன விரல் நுனியளவு கிழங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். மேலே பச்சையாக ஒரு செடிதான் தெரியும். கீழே நாலைந்து கிழங்கு அந்தக் கோவையில் தூங்கிக்கொண்டிருக்கும். கோவை அறுபடாதவரை பல கிழங்குகள் முளைக்காமல் கிடக்கும். டில்லர் அதைத் துண்டு துண்டாக அறுத்ததும் ஒவ்வொன்றும் தனித்தனியே முளைவிடும். மேலாகக் கிள்ளி எடுத்தாலும் இதே கதைதான்.

கோரைக்கு ஆகாதவை இரண்டு: வறட்சி, நிழல். சித்திரையில் தண்ணீர் விடாமல் மண் நன்றாகக் காய்ந்த பிறகு, ஓரடி ஆழத்துக்குப் பெரிய கட்டிகளாகப் புரட்டிப் போடுங்கள். கட்டியை உடைக்க வேண்டாம். கிழங்கில் பெரும்பகுதி மேல் அரையடிக்குள்தான் இருக்கிறது. கத்திரி வெயிலில் இரண்டு மூன்று வாரம் கிடந்தால் கட்டியோடு சேர்ந்து கிழங்கும் உலர்ந்து சாகும். நடுவில் ஒரு கோடை மழை பெய்துவிட்டால் மறுபடி புரட்ட வேண்டும். இதில் குறுக்கு வழி இல்லை.

தப்பிப் பிழைத்தவை ஆடியில் தலை காட்டும். முளைத்து மூன்று வாரத்துக்குள் புதுக் கிழங்கு வைக்கத் தொடங்கிவிடும். அதற்கு முன்பே, பதினைந்து நாளுக்கு ஒரு முறை களைக்கொட்டால் எடுத்துக்கொண்டே இருந்தால் கிழங்கில் சேர்த்து வைத்த சத்து தீரும். அதே சமயம் அந்த இடத்தில் சர்க்கரைவள்ளிக் கொடியோ, தட்டைப்பயறோ, பூசணியோ நெருக்கமாகப் படர விடுங்கள். ஒரு வருஷத்தில் முழுதாகப் போகாது. இரண்டாம் வருஷம் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். அட்டை மூடாக்கை மட்டும் நம்பாதீர்கள், கோரை முனை அதைக் குத்திக்கொண்டு மேலே வந்துவிடும். உப்புக் கரைசல் ஊற்றச் சொல்லி யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். களை சாகும், கூடவே அந்த மண்ணும் பல வருஷத்துக்கு வீணாகும்.

அருகம்புல் இவ்வளவு பிடிவாதம் இல்லை. நிழலில் மெலிந்துவிடும். வேலியோரம் அரையடி ஆழம் ஒரு சால் வெட்டி வைத்தால் பக்கத்து மனையிலிருந்து ஓடி வராது.

மாமரம் ஓட்டுக்கூரை மேல் சாய்ந்துவிட்டது. எப்போது, எவ்வளவு வெட்டலாம்?
– வாசகி, கும்பகோணம்

இப்போது வேண்டாம், பூவும் பிஞ்சுமாக இருக்கும். காய்ப்பு முடிந்து ஆடியில் தொடங்கி ஆவணிக்குள் முடியுங்கள். அப்போதுதான் ஐப்பசி அடைமழைக்கு முன் வெட்டுவாய் காய்ந்து ஆறும், புயல் காற்றுக்கும் கூரை மேல் பாரம் இருக்காது. ஒரு வருஷத்துக்குத் தழையில் கால் பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். ஒரேயடியாக மொட்டையடித்தால் இத்தனை நாள் நிழலில் இருந்த பட்டை வெயிலில் வெடிக்கும். கண்ட இடத்தில் வளார் கிளம்பும், காய் இருக்காது. கூரைக்கு மேல் உள்ள கிளை, காய்ந்தது, ஒன்றோடொன்று உராய்வது, இந்த மூன்றும் போனால் போதும்.

தடித்த கிளையை மூன்று வெட்டில் இறக்க வேண்டும். மரத்திலிருந்து ஓரடி தள்ளி, கிளையின் அடிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு முதலில் ரம்பம் போடுங்கள். அதற்கு இரண்டு அங்குலம் வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை பட்டையை உரிக்காமல் முறிந்து விழும். மிச்சம் நிற்கும் கட்டையை, கிளை பிறக்கும் இடத்தில் தடித்திருக்கும் வளையத்துக்கு வெளியே ஒட்ட அறுங்கள். வளையத்தையே அறுத்துவிட்டால் காயம் மூடாது. கிளை கூரைக்கு நேர் மேலே இருந்தால் கயிறு கட்டி, துண்டு துண்டாக இறக்கச் சொல்லுங்கள். மின்கம்பி பக்கம் என்றால் மின்வாரியத்தில் சொல்லி இணைப்பை நிறுத்தாமல் ஏணி சாத்தவே கூடாது.

வெட்டுவாயில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் போர்டோ பசை. 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணீரில் பிளாஸ்டிக் வாளியிலும், 100 கிராம் சுண்ணாம்பை அரை லிட்டரில் வேறு வாளியிலும் கரையுங்கள். துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் மெல்ல ஊற்றிக் கலக்குங்கள். இரும்புச் சட்டி ஆகாது. ஒரு பழைய கத்தியை ஒரு நிமிஷம் முக்கி எடுத்துப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். இல்லையென்றால் மரத்தைச் சுடும். கலந்த அன்றே பூசிவிடுங்கள்.

கஜா புயலில் விழுந்த தென்னைகளின் அடிக்கட்டை இன்னும் கொல்லையில் கிடக்கிறது. புதிதாக வைத்த கன்றுகளின் மட்டை விசிறி மாதிரி வெட்டுப்பட்டு விரிகிறது.
– வாசகர், ஒரத்தநாடு

இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது. விசிறி வெட்டு என்றால் காண்டாமிருக வண்டு. அது முட்டையிட்டுப் பெருகுவது மட்கிய தென்னங்கட்டையிலும் எருக்குழியிலும்தான். 2018 நவம்பர் 16-இல் சாய்ந்த மரத்தின் கட்டை இத்தனை வருஷத்தில் உளுத்து, அதற்குத் தொட்டில் மாதிரி ஆகியிருக்கும். கடப்பாரையால் கட்டையைப் பிளந்து பாருங்கள். பெருவிரல் தடிமனில், வெள்ளையாக, வளைந்து கிடக்கும் புழுக்கள் வரும். பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். பிளந்த கட்டையை உலர்த்தி விறகாக்குங்கள். முடியாவிட்டால் ஆழக் குழியில் மண் போட்டு மூடுங்கள். எருக்குழியை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கிளறி விடுங்கள்.

கன்றுகளுக்கு, குருத்தை அடுத்த மூன்று மட்டை இடுக்கில் இடுக்குக்கு ஒன்றாக மூன்று அந்துருண்டை வைத்து மணலால் மூடுங்கள். நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து மரத்துக்கு 150 கிராம் இடுக்கில் போடுவதும் நல்லது.

நிற்கும் மரங்களைச் சுத்தம் செய்கிறேன் என்று பச்சை மட்டையை வெட்டாதீர்கள். ஒவ்வொரு மட்டை இடுக்கிலும் ஒரு பாளை இருக்கிறது. வெட்டுவாய் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டும் வரும். வெட்டியே ஆக வேண்டுமானால் தண்டிலிருந்து நாலடி விட்டு வெட்டுங்கள்.

அடிமரத்தில் செம்பழுப்பாகச் சாறு வடிந்தால் அது தஞ்சாவூர் வாடல் நோய். 1952 புயலுக்குப் பிறகு இந்தப் பகுதியில் கண்டதால் வந்த பெயர். மண்ணில் வேர் வழியாகப் பரவுவது. அந்த மரத்தடியில் கொத்தாதீர்கள். அங்கிருந்து தண்ணீர் மற்ற மரத்துக்கு ஓடவும் விடாதீர்கள். வருஷத்துக்கு 5 கிலோ வேப்பம்பிண்ணாக்கு, பக்கத்தில் வாழை ஊடுபயிர். பட்டுப்போன மரத்தை வேர்க்கட்டையோடு தோண்டி அப்புறப்படுத்தாமல் அதே குழியில் கன்று வைப்பதைப் பலர் செய்கிறார்கள், கன்றும் போகிறது.

வெட்டின தழையெல்லாம் மலையாகக் குவிந்திருக்கிறது. கொளுத்திவிடலாமா?
– வாசகர், திருவையாறு

கொளுத்த வேண்டாம். நமக்கு மூடாக்குப் போட அதுதானே வேண்டும்! தென்னைக்கு மரத்தைச் சுற்றி ஆறடி வரை காய்ந்த மட்டை 15, அல்லது உரிமட்டை 100, குவிந்த பக்கம் மேலே இருக்கும்படி பரப்பலாம். மற்றத் தழையை மூன்றடி நீள, அகல, உயரத்தில் அடுக்கி, ஒவ்வொரு சாணுக்கும் சாணிக்கரைசல் தெளித்து, மாதம் ஒரு முறை புரட்டுங்கள். விதை பிடித்த களை, கோரைக் கிழங்கு, அருகம் வேர் இவை மட்டும் குப்பைக்குள் போகக் கூடாது. வெயிலில் முறுகக் காயட்டும்.

சீமைக்கருவேலம் வெட்ட வெட்டத் துளிர்க்கிறது.
– வாசகர், வேதாரண்யம்

துளிர் வரும் கண்கள் தரைக்குக் கீழே, தண்டும் வேரும் சேரும் இடத்தில் இருக்கின்றன. மண்ணை ஓரடி பறித்து, அதற்குக் கீழே வேரை வெட்டி எடுத்தால் வராது. மழைக்கு அடுத்த வாரம் செய்தால் கடப்பாரை இறங்கும்.

கிணற்றுச் சுவரில் அரசங்கன்று. வெட்டியும் வருகிறது. கிணற்றையே குப்பை கொட்டித் தூர்த்துவிடலாமா?
– வாசகி, பாபநாசம்

குப்பையைக் கிணற்றில் போடுவது உங்கள் தெருவே குடிக்கும் நிலத்தடி நீரில் போடுவது போல. தயவு செய்து செய்யாதீர்கள். கம்பி வலை போட்டு மூடி, கூரை மழைநீரை வடிகட்டி உள்ளே விடுங்கள். பல வருஷம் மூடிய கிணற்றில் மூச்சுக்காற்று இருக்காது, யாரையும் இறக்க வேண்டாம். அரசங்கன்று கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் மேலே வெட்டினால் மட்டும் போதாது. கொத்தனாரை வைத்து, வேர் போன தடத்தில் இரண்டு மூன்று செங்கல்லைப் பெயர்த்து வேரை உருவிவிட்டு, சுண்ணாம்புக் கலவையால் பூசச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு 74 வயது. தனியாக இருக்கிறார். 20 குழிக் கொல்லையை அவர் பார்த்துக்கொள்ளும் அளவுக்குச் சுருக்க வேண்டும். எதை வைப்பது?
– வாசகர், மயிலாடுதுறை

முதலில் அம்மாவிடம் கேளுங்கள்: தினமும் எதற்காகக் கொல்லைக்குப் போகிறார்? பூவுக்கா, கீரைக்கா, கறிவேப்பிலைக்கா? அது கதவுக்குப் பத்தடிக்குள் இருக்க வேண்டும். மற்றவை தள்ளியே இருக்கலாம்.

தென்னை இரண்டு, ஒன்றுக்கொன்று 25 அடி இடைவெளியில். எலுமிச்சை ஒன்று, மண்ணை ஓரடி மேடாக்கி, தண்ணீர் நிற்காத பக்கத்தில். முருங்கை ஒன்று, வீட்டுச் சுவரிலிருந்து பத்தடி தள்ளி. காய்ப்பு ஓய்ந்ததும் மூன்றடி உயரத்தில் வெட்டி, வெட்டுவாயில் சாணி அப்பிவிட்டால் கைக்கு எட்டும் உயரத்திலேயே காய்க்கும். கறிவேப்பிலையையும் மூன்றடியில் ஒடித்து விட்டால் பக்கவாட்டில் ஐந்தாறு கிளை வரும். குளியலறைத் தண்ணீர் போகும் இடத்தில் மொந்தன் வாழை ஒரு குத்து, சுற்றிலும் கல்வாழை. வாழையில் தாய் ஒன்று, ஈட்டிக்கன்று (குறுகிய இலையோடு ஈட்டி மாதிரி வரும் பக்கக்கன்று) ஒன்று. மற்றப் பக்கக்கன்றுகளை மாதம் ஒரு முறை கடப்பாரையால் குருத்தோடு குத்தி எடுக்க ஆள் வைத்துவிடுங்கள், அந்த வேலை அம்மாவுக்கு வேண்டாம். செம்பருத்தி ஒன்று. குண்டுமல்லி இரண்டு செடி; கார்த்திகை நடுவில், நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டினால் கோடையில் பூ நிறையும்.

கீரைக்குத் தரையில் பாத்தி வேண்டாம். கதவோரம் செங்கல்லால் இரண்டரையடி உயரத் தொட்டி, மூன்றடி அகலம், இரண்டு பக்கமும் நிற்க இடம் விட்டு. சுவரை ஒட்டி என்றால் இரண்டடி அகலமே போதும். அடிவரிசையில் இரண்டடிக்கு ஒரு துளை. கீழ்ப் பாதிக்குச் செங்கல் ஜல்லியும் மட்டையும், மேலே மண், மட்கிய எரு, உமிச்சாம்பல் கலவை. குனியாமல் நின்றபடியே அரைக்கீரையும் சிறுகீரையும் கிள்ளலாம். தண்ணீர்க் குழாய் அந்தத் தொட்டிக்குப் பக்கத்திலேயே, இடுப்பு உயரத்தில் வரட்டும். வாளி தூக்கிக்கொண்டு ஈரத்தில் நடக்கும்போதுதான் வழுக்கி விழுகிறார்கள்.